விழுந்த பல்லுக்கு ஒரு மணி நேரம்

கேள்வி:

காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்தில் வசிக்கிறோம். வீட்டிலேயே பட்டுத் தறி போட்டிருக்கிறோம். தை மாதம் கூரத்தாழ்வான் உற்சவத்துக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். 10 வயதை எட்டியிருக்கும் என் பெரிய மகன் தறிக்குழி ஓரத்தில் கால் இடறி, படமரத்தில் முகம் மோத விழுந்துவிட்டான். வாயெல்லாம் ரத்தம். மேல் வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று குழிக்குள் கிடந்தது. எங்கள் அத்தை அதை எடுத்து, ஒட்டியிருந்த தூசியும் நூல் பிசிறும் போகட்டும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தடவிய துணியில் முடிந்து வைத்தார். பொழுது சாய்ந்துவிட்டதால் மறுநாள் காலையில்தான் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போனோம்.

அங்கே பார்த்த டாக்டர், "நேற்றே வந்திருந்தால் இதே பல் ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். விழுந்த பல்லைத் திரும்ப வைக்கலாம் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. உண்மையிலேயே அது முடியுமா? பாலில் போட வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு? மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். என் மகனுக்கு இனி என்ன செய்யலாம்? அடுத்தவனுக்கு 6 வயது. அவனுக்கு இப்படி நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— வாசகி, கூரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். வேரோடு கழன்று விழுந்த நிரந்தரப் பல்லை அதே குழியில் திரும்ப வைக்கலாம். சரியான நேரத்தில் வைத்தால் அது பிடித்துக்கொண்டு பல வருடங்கள் உழைக்கும். ஆனால் பல் விழும் இடத்தில் பல் டாக்டர் இருப்பதில்லை. அம்மா இருப்பார், பாட்டி இருப்பார், பள்ளிக்கூடம் என்றால் பி.டி. மாஸ்டர் இருப்பார். அந்தப் பல் பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் அவர்கள் கைதான் தீர்மானிக்கிறது. எங்களிடம் வந்து சேர்வதற்குள் வைத்தியத்தின் முக்கியமான பாதி நடந்து முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் அத்தை செய்ததற்காக யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். அடிபட்டால் கழுவு, மஞ்சள் வை என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். விழுந்த பல்லுக்கு மட்டும் அது ஒத்துவராது. ஏன் என்று புரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் மறக்காது.

வேரின் மேல் இருக்கும் உயிர்

பல் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல நேரடியாக நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில், 0.2 மில்லிமீட்டர் அளவே இருக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதிலுள்ள நார்கள்தான் பல்லை எலும்போடு பிணைத்திருக்கின்றன. அடிபட்டுப் பல் கழலும்போது இந்தச் சவ்வு நடுவே கிழிகிறது. ஒரு பாதி குழியின் சுவரில் தங்கிவிடும். மறு பாதி வேரின் மேல் ஒட்டிக்கொண்டு பல்லோடு வெளியே வரும். அந்தப் பாதியில் இருப்பவை உயிருள்ள செல்கள்.

அவை உயிரோடு குழிக்குள் திரும்பினால் கிழிந்த நார்கள் மீண்டும் இணையும். செத்தபின் திரும்பினால், உடம்பு அந்த வேரை எலும்பாகவே நடத்தத் தொடங்கிவிடும். வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அந்த இடத்தில் எலும்பை நிரப்பும்.

உங்கள் ஊரில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிடுங்கிய நாற்றின் வேரை யாரும் தேய்த்துக் கழுவுவதில்லை. வெயிலில் காயவிட்டு நடுவதும் இல்லை. விழுந்த பல்லையும் அந்தக் கவனத்தோடுதான் நடத்த வேண்டும். சோப்பு, டெட்டால், பல்பொடி, மஞ்சள் எல்லாமே அந்தச் செல்களைக் கொன்றுவிடும். காகிதத்திலோ துணியிலோ மடித்து வைத்தால் காய்ந்து சாகும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? 15 நிமிடத்துக்குள் குழிக்குள் போய்விட்டால் பெரும்பாலான செல்கள் பிழைத்திருக்கும். உலர்ந்த நிலையில் 60 நிமிடம் கடந்துவிட்டால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாசனும் யோர்ட்டிங்-ஹான்சனும் 1966-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திரும்ப வைக்கப்பட்ட 110 பற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். 30 நிமிடத்துக்குள் வைத்தவற்றில் 90 சதவீதப் பற்களில் வேர் கரையவில்லை. 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தவற்றில் 95 சதவீதப் பற்களில் வேர் கரைந்தது. இன்று உலகெங்கும் பல் மருத்துவர்கள் பின்பற்றுவது, பல் காய மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் புதுப்பித்த வழிகாட்டி. அதன் அடிப்படையும் இந்த நேரக் கணக்குதான்.

முதலில் பிள்ளை, பிறகு பல்

முகத்தில் அடிபட்டிருக்கிறது என்றால் தலையிலும் அடிபட்டிருக்கலாம். பிள்ளை ஒரு நொடி நினைவு தப்பினானா, வாந்தி எடுக்கிறானா, தூங்கித் தூங்கி விழுகிறானா, பேச்சு குழறுகிறதா, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர்போலவோ வடிகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல்லைப் பாலில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்க முடியவில்லை, பற்கள் முன்புபோலச் சேர்ந்து கடிபடவில்லை என்றால் தாடை எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு உண்டு. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தத்தைக் கண்டு பதற வேண்டாம். வாய்ப் புண்ணில் ரத்தம் எச்சிலோடு கலந்து இரண்டு மடங்காகத் தெரியும். சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிறகு பல்லைத் தேடுங்கள். எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. சில சமயம் பல் வெளியே வராமல் ஈறுக்குள் முழுக்கப் புதைந்திருக்கும். உடைந்த துண்டு உதட்டுக்குள் ஏறியிருக்கும். விழுங்கியிருந்தால் ஆபத்து குறைவு. மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் இருமலும் இளைப்பும் வரும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

பால் பல்லா, நிரந்தரப் பல்லா?

உங்கள் இளைய பிள்ளைக்காக இதைக் கவனமாகப் படியுங்கள். பால் பல் விழுந்தால் அதைத் திரும்ப வைக்கக் கூடாது. அதன் வேருக்கு மேலேயே அடுத்த பல்லின் முளை எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். பால் பல்லை உள்ளே தள்ளினால் அந்த முளை நசுங்கிவிடும். சாணியில் வைத்து உருட்டிக் கூரை மேல் எறியும் வழக்கம் பால் பல்லுக்குச் சரி. அதில் நட்டம் ஏதும் இல்லை. அந்தப் பழக்கத்தில் நிரந்தரப் பல்லையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மேல் முன்பற்கள் இரண்டும் 7 அல்லது 8 வயது வாக்கில் முளைக்கும். 6 வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் பால் பல்தான் இருக்கும். பால் பல் சிறியதாக, பால் வெள்ளையாக இருக்கும். நிரந்தரப் பல் அகலமாகவும் சற்று மஞ்சள் சாயலோடும் இருக்கும். புதிதாக முளைத்ததாக இருந்தால் கடிக்கும் விளிம்பில் ரம்பப் பல்லைப்போல மூன்று சின்ன மேடுகள் தெரியும். எது என்று சந்தேகமாக இருந்தால் நீங்கள் குழிக்குள் வைக்க வேண்டாம். பாலில் போட்டு எடுத்து வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். பால் பல்தான் விழுந்தது என்றாலும் பிள்ளையை டாக்டரிடம் காட்டுவது அவசியம். மேலே வளரும் முளைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீங்களே வைக்கலாம்

நிரந்தரப் பல்தான் என்று தெரிந்தால், விழுந்த இடத்திலேயே அதைக் குழிக்குள் வைப்பதுதான் உலகின் மிகச் சிறந்த சிகிச்சை. கேட்கவே பயமாக இருக்கலாம். செய்வது நினைப்பதைவிட எளிது. அடிபட்ட முதல் சில நிமிடங்களில் அந்த இடம் மரத்துப்போயிருப்பதால் பல பிள்ளைகளுக்கு வலியும் அதிகம் தெரியாது.

பல்லின் வெள்ளைப் பகுதியை, அதாவது வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். வேரில் விரல் படக் கூடாது. மண்ணோ நூலோ ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ ஒருமுறை லேசாக அலசுங்கள். இரண்டும் கைவசம் இல்லையென்றால் பிள்ளையின் எச்சிலே போதும். வேரில் ஒட்டியிருப்பதைச் சுரண்டவோ துடைக்கவோ வேண்டாம். அலசியும் போகாத அழுக்கை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது பல்லின் இரு பக்கங்களையும் பாருங்கள். உதட்டுப் பக்கம் வழவழப்பாக, லேசாகப் புடைத்திருக்கும். நாக்குப் பக்கம் உட்குழிந்திருக்கும். பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று தெரிந்துவிடும். பிள்ளையை மடியில் சாய்த்து உட்காரவைத்து, மேல் உதட்டைத் தூக்கி, வேரின் கூர்முனையைக் குழியின் வாயில் வைத்து, பெருவிரலால் மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். குழிக்குள் இருக்கும் ரத்தக் கட்டி விலகி வழிவிடும். பல் ஓர் இடத்தில் போய் உட்காருவது விரலுக்கே தெரியும். பக்கத்துப் பல்லின் உயரத்துக்கு வந்திருந்தால் சரியாக வைத்துவிட்டீர்கள். தடை தட்டினால் பலத்தைக் காட்டாதீர்கள். நிறுத்திவிட்டுப் பாலுக்கு மாற்றிவிடுங்கள்.

வைத்தபின் சுத்தமான கைக்குட்டையை மடித்து இரண்டு வரிசைப் பற்களுக்கும் நடுவே கொடுத்து மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியே வண்டி ஏறுங்கள். கொஞ்சம் திரும்பியோ கோணலாகவோ வைத்துவிட்டோமோ என்று தயங்க வேண்டாம். அடிபட்டு 48 மணி நேரம் வரை அதை நேராக்கி வைக்க எங்களால் முடியும். செத்துப்போன செல்களை மட்டும் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நினைவு தப்பிய பிள்ளைக்கும், வலிப்பு வந்த பிள்ளைக்கும் வாய்க்குள் பல்லை வைக்கக் கூடாது. கடுமையான இதய நோய் உள்ளவர்கள், புற்றுநோய் மருந்தினால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கும் வீட்டில் வைக்க வேண்டாம். அவர்கள் விஷயத்தில் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் பால்?

கை நடுங்குகிறது, பிள்ளை வாயைத் திறக்கவே விடவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது பால். தண்ணீரில் உப்புச்சத்து இல்லாததால், அதில் போட்ட செல்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி வெடித்துவிடும். பாலில் இருக்கும் உப்புச்சத்தின் அளவு செல்லுக்குள் இருப்பதற்கு நெருங்கிவருகிறது. புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலையில் இருக்கிறது. செல்லுக்கு வேண்டிய சத்தும் அதில் உண்டு. ஸ்வீடனில் லெய்ஃப் புளோம்லாஃப் 1980-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் பால் உலகம் முழுக்க ஏற்கப்பட்ட வழியானது.

பல் முழுக மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த பால் ஊற்றினால் போதும். ஆவின் பாக்கெட்டில் கொழுப்புக் குறைந்த நீல நிறப் பாக்கெட் நல்லது. அது இல்லையென்றால் வீட்டில் எந்தப் பால் இருக்கிறதோ அது. சூடான பால் வேண்டாம், சர்க்கரை போட்டது வேண்டாம். தயிரும் மோரும் புளிப்பானவை, அவையும் வேண்டாம். இளநீரைப் பற்றி நம் நாட்டில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவுகள் ஒன்றுபோல இல்லை. இளநீரும் சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது என்பதால் பால் கிடைக்கும்போது அதைத் தேட வேண்டாம்.

பால் இல்லாத இடத்தில் பிள்ளையை ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடுங்கள். சலைன் இருந்தால் அதுவும் ஆகும். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2020 முதலுதவிக் குறிப்பு, வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலையும், பல்லை ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் ஈரம் போகாமல் சுற்றுவதையும் ஏற்றுக்கொள்கிறது. எதுவுமே கிடைக்காத இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், காயவிடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

கூரத்திலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வண்டி கிடைத்து, போய்ச் சேர்ந்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். பல் வாய்க்குள்ளோ பாலுக்குள்ளோ இருந்தால் அந்த நேரம் உங்களுக்குச் சாதகமாக மாறிவிடும். கிளம்பும்போதே போன் செய்து, பல் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் அரசின் 104 உதவி எண்ணில் கேட்கலாம். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை அருகில் இருக்கிறது. சென்னைப் பக்கம் போக நேர்ந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை மேலேயே வேலப்பன்சாவடியிலும் மதுரவாயலிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவாகிவிட்டது, காலையில் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் என்ன நடக்கும்?

எக்ஸ்ரே எடுத்துப் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்போம். பல்லைப் பாலில் கொண்டுவந்திருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு, குழியைக் கழுவி, பல்லை வைப்போம். பிறகு 0.4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத மெல்லிய கம்பியைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பல் நிறப் பசையால் ஒட்டிவிடுவோம். பல் துளி அசைய இடம் கொடுக்கும் கட்டு அது. அந்தச் சிறு அசைவு இருந்தால்தான் நார்கள் நன்றாகச் சேரும். வழக்கமாக 2 வாரம் கட்டு இருக்கும். எலும்பும் முறிந்திருந்தால் 4 வாரம்.

ஆன்டிபயாடிக் மருந்தை டாக்டர் எழுதித்தருவார். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். தரையிலும் மண்ணிலும் கிடந்த பல் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்போம். நம் நாட்டின் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் அது போடப்பட வேண்டும். அட்டையை எடுத்து வந்தால் நல்லது.

வேரின் நுனி மூடிய பல்லாக இருந்தால், அதனுள் இருக்கும் நரம்பு பிழைக்காது. ஆகவே 2 வாரத்துக்குள் ரூட் கெனால் சிகிச்சை தொடங்க வேண்டும். 7, 8 வயதுப் பிள்ளைக்கு வேரின் நுனி இன்னும் திறந்திருக்கும். அந்த வழியாகப் புது ரத்த ஓட்டம் உள்ளே போய்ப் பல் உயிர்பெற வாய்ப்பு இருப்பதால், அவர்களுக்கு ரூட் கெனாலுக்கு அவசரப்படாமல் கவனித்து வருவோம்.

முதல் 2 வாரம் இட்லி, குழைந்த சாதம், கஞ்சி என்று மெதுவான சாப்பாடு. கரும்பு, முறுக்கு, கடலை எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது. மிருதுவான பிரஷ்ஷால் தினமும் பல் துலக்க வேண்டும். வலிக்கும் என்று துலக்காமல் விட்டால் ஈறில் அழுக்குச் சேர்ந்து புண் ஆறாது. குளோர்ஹெக்சிடின் 0.12 சதவீதக் கரைசலால் காலையும் மாலையும் வாய் கொப்பளிக்கச் சொல்வோம். 2 வாரம், 4 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம் என்று வந்து காட்ட வேண்டும். அதன்பின் குறைந்தது 5 வருடம் வரை வருடத்துக்கு ஒருமுறை. பல் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். வேர் கரையத் தொடங்கினால் வலி இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

திரும்ப வைத்த எல்லாப் பல்லும் ஆயுள் முழுக்க நிற்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். செல்கள் செத்தபின் வைத்த பல் எலும்போடு ஒட்டிப்போய், முகம் வளர வளரக் குட்டையாகத் தெரியத் தொடங்கலாம்; சில வருடத்தில் வேர் கரைந்து விழவும் விழலாம். அப்படியிருந்தும் வைப்பதில் பலன் உண்டு. பல் நிற்கும் வரை அந்த இடத்து எலும்பு அகலம் குறையாமல் நிற்கும். வளரும் பிள்ளைக்கு அந்தச் சில வருடங்கள் பெரிய லாபம்.

கண்ணுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. மேல் பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை தரும் நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியாகப் புறப்பட்டு வருபவை. மேல் பல்லைப் பிடுங்கினாலும் திரும்ப வைத்தாலும் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. மேல் பல்லில் சீழ் கட்டினால் கன்னமும் கண்ணுக்குக் கீழேயும் வீங்கும். அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் இப்படி ஒரு பயம் பரவியிருக்க வேண்டும். அந்த வீக்கத்துக்கும் காரணம் பல்லைக் கவனிக்காமல் விட்டதுதான்.

உங்கள் மகனுக்கு இனி

இரவு முழுக்கக் காய்ந்த அந்தப் பல் உயிரோடு சேரும் வாய்ப்பு முடிந்துபோயிருந்தது. அதை நினைத்து வருந்துவதைவிட இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

இடைவெளியை அப்படியே விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பற்கள் அதன்மேல் சாய்ந்துவிடும். இப்போதைக்குக் கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட்டோ, பக்கத்துப் பல்லைத் தேய்க்காமல் பின்பக்கமாக ஒட்டும் பல்லோ வைக்கலாம். அவன் வகுப்பில் வாயைப் பொத்தாமல் சிரிக்கவும், சில எழுத்துகளைத் தெளிவாக உச்சரிக்கவும் அது உதவும். வளர வளர அதை மாற்றித் தர வேண்டியிருக்கும்.

எலும்பில் திருகிப் பதிக்கும் இம்பிளான்ட் பல்லை யாராவது இப்போதே பரிந்துரைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாடை வளர்ந்து முடியும் வரை, அதாவது 18 வயதாவது கடக்கும் வரை, அது கூடாது. மற்றப் பற்கள் தாடையோடு சேர்ந்து கீழிறங்கிக்கொண்டே வரும். இம்பிளான்ட் மட்டும் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். பற்கள் நெருக்கமாக இருக்கும் பிள்ளை என்றால் கம்பி போட்டு அந்த இடைவெளியையே மூடுவது, கடைவாய்க்கு முன்னால் இருக்கும் சிறு பல் ஒன்றை எடுத்து முன்னால் நடுவது போன்ற வழிகளும் உண்டு. பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் இந்த வருடமே ஒருமுறை காட்டுங்கள். விழுந்த பல்லின் இரு பக்கப் பற்களுக்கும் அதே அடி பட்டிருக்கும். அவை நிறம் மாறுகின்றனவா என்று கண்காணிக்க வேண்டும்.

அடிபடாமல் காப்பது

வீட்டுக்குள் தறி இருக்கும்போது பிள்ளைகள் ஓடும் வழியும் தறிக்குழியும் அருகருகே இருப்பதைத் தவிர்க்க முடியாது. வேலை இல்லாத நேரத்தில் குழியைப் பலகையால் மூடி வையுங்கள். இருசக்கர வண்டியில் பிள்ளையைப் பெட்ரோல் டாங்க் மேலோ ஸ்கூட்டரின் முன்பக்கமோ நிற்கவைத்துப் போகாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் முதலில் மோதுவது அதன் வாய்தான். பெரியவர்களுக்கும் தலையை மட்டும் மூடும் ஹெல்மெட் பல்லைக் காக்காது; முகவாயையும் மூடும் ஹெல்மெட் வேண்டும்.

கிரிக்கெட்டை லேசாக எண்ண வேண்டாம். 2022 டிசம்பரில் ஹம்பாந்தோட்டையில் நடந்த லங்கா பிரீமியர் லீக் ஆட்டத்தில், இலங்கை வீரர் சமிக்க கருணாரத்ன உயரே வந்த பந்தைப் பிடிக்கப் போனார். பந்து வாயில் பட்டு 4 பற்கள் போயின. தேர்ந்த சர்வதேச வீரருக்கே அப்படி என்றால், கார்க் பந்தில் ஆடத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு வாயில் மாட்டும் காப்பு உறை அவசியம். பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். மேல் முன்பற்கள் துருத்தியிருக்கும் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்குக் காலத்தோடு கம்பி போட்டுச் சீராக்குவது அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்பல் விழும் விபத்து அதிகம் நேர்வது 7 முதல் 11 வயதுக்குள். அந்த வயதுப் பிள்ளை பகலில் பாதி நேரம் பள்ளியில் இருக்கிறது. கூரத்திலும் சுற்று ஊர்களிலும் உள்ள பள்ளித் தலைமையாசிரியர்களைப் பார்த்து, கீழே உள்ள வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி விளையாட்டு மைதானத்துக்குப் போகும் வழியில் ஒட்டச் சொல்லுங்கள். சத்துணவுக் கூடத்திலும், வேன் ஓட்டுநரிடமும், உங்கள் தெரு மகளிர் குழுவிலும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். நீங்கள் பட்ட அனுபவத்தைச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒட்டி வைக்க:

• தலையில் அடியா, வாந்தியா, மயக்கமா? முதலில் 108.

• பல்லை வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடி. வேரைத் தொடாதே, தேய்க்காதே.

• பால் பல்லை வைக்காதே. நிரந்தரப் பல்லைப் பாலில் அலசி, உடனே குழிக்குள் வை. கைக்குட்டையைக் கடிக்கச் சொல்.

• வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடு. பால் இல்லாவிட்டால் எச்சிலில்.

• ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் இரு.